காசு ஒரு விஷயமே இல்லைன்னு சொன்ன வாய்

பத்து காரில் கிளம்பினோம். சான் ரமோனில் எங்கள் தெருவையே காலி பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஏற்பாடு எல்லாம் என் வீட்டுக்காரர் மயில்சாமி. கோயமுத்தூர்க்காரர், எதையும் சின்னதாகச் செய்ய வராது. நாற்பது டிக்கெட்டை மொத்தமாக வாங்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்: "நம்ம தென்றல் இன்னைக்கு பெரியவங்க மேட்ச்ல ஓட்டறா. எல்லாரும் வந்துருங்க. சாப்பாடும் நம்மளுதுதான்."

சாப்பாடு நம்மளுது என்றால் என்னுடையது என்று அர்த்தம். இரண்டு ட்ரே தக்காளி சாதம். பக்கத்து வீட்டு ஹம்சா பாவம் பார்த்து ஒரு ட்ரே உருளைக்கிழங்கு வறுவல் பண்ணிக்கொண்டு வந்தாள்.

ஆல்டமான்ட் மேட்டில் காற்றாலைகளைத் தாண்டி இறங்கி, டிரேசிக்கு அந்தப் பக்கம் பாதாம் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஸ்பீட்வே. நிறைய பேருக்கு ஸ்பீட்வே என்றால் தெரியாது. எனக்கும் ஐந்து வருஷம் முன்னால் தெரியாது. மோட்டார் பைக் ரேஸ்தான், ஆனால் அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. நிஜமாகவே கிடையாது. ஒரே கியர். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். மண் தடத்தில் நாலு பேர் நாலு சுற்று, எப்போதும் இடது பக்கமே திருப்பம். திருப்பத்தில் பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே வருவார்கள். அந்த ஷூவுக்கு அடியில் அதற்கென்றே ஒரு இரும்புத் தகடு இருக்கும். ஒரு நிமிஷத்தில் ரேஸ் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சு விடுவதில்லை.

முதலில் வந்தால் மூன்று பாயிண்ட். இரண்டாவது வந்தால் இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று, கடைசிக்கு முட்டை.

பார்க்கிங்கில் இறங்கினதுமே ஹம்சா ஆரம்பித்துவிட்டாள். அவள் வால்நட் க்ரீக்கில் ஒரு கம்பெனியில் எச்.ஆர்.; மெட்ராஸ்காரி, வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா மயில்சாமி, பிரேக் இல்லாத வண்டிய பொண்ணுக்கு வாங்கிக் குடுத்துட்டு நீ மட்டும் சேஃபா வோல்வோ கார் ஓட்டற?"

"அவ லெஃப்ட்ல மட்டும் திரும்புனா போதுமுங்க ஹம்சாக்கா. எனக்கு ஃப்ரீவேல ரைட்ல எக்ஸிட் எடுக்கோணுமில்ல?"

"நல்லா பேசு. அவ கீழ விழுந்தா உன்னை நான் டெர்மினேட் பண்ணிடுவேன்."

எல்லோரும் சிரித்தோம். சந்தோஷமாக இருந்தது. போன வாரம் எங்கள் டீமில் இரண்டு பெரிய ரைடர்களுக்கு அடி பட்டுவிட்டது, ஒருவருக்குக் காறை எலும்பு, ஒருவருக்கு மணிக்கட்டு. அவர்கள் இடத்தில் இரண்டு ஜூனியர்களைப் போட்டிருந்தார்கள். ஒன்று எங்கள் தென்றல், பதினெட்டு வயசு. இன்னொன்று மட்டேயோ, பத்தொன்பது. டிரேசியில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிற பையன். இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒன்றாகப் பழகுகிறவர்கள். எங்கள் கராஜில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தோசை ஊற்றி எனக்குக் கை வலிக்கும்.

மட்டேயோவின் எஞ்சின் போகிற நிலைமையில் இருந்தது. அதைச் சரிபண்ணக் கையில் காசு இல்லை. ஃப்ரெஸ்னோவில் ஒருத்தர் வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. பெரியவர்கள் மேட்சில் வந்து நின்றாலே நூறு டாலர், அதற்குமேல் பாயிண்ட்டுக்கு அறுபது. இன்றைக்கு நாலைந்து பாயிண்ட் எடுத்தால் எஞ்சின் வேலையை ஆரம்பித்துவிடலாம், ஃப்ரெஸ்னோக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். இதைத் தென்றல் காரில் வரும்போது என்னிடம் சொன்னாள். "அம்மா, திஸ் இஸ் இட். இன்னைக்கு பாயிண்ட்ஸ் எடுக்கலைன்னா ஹீ இஸ் டன்."

பிட்ஸ் என்று சொல்கிற, வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கு நானும் வீட்டுக்காரரும் தென்றலும் போனோம். மயில்சாமி பாக்கெட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை உருட்டினார். வண்டிகளைச் சோதனை போடுகிறவர் குனிந்து பார்த்துவிட்டு, இது டயருக்கு ஏதாவது பண்ணுமா என்று கேட்டார். மயில்சாமி ரொம்ப சீரியஸாக, "நோ சார், ஒன்லி கிரிப்" என்றார்.

அப்புறம்தான் ரிக் வந்தார். ரிக் டாலன், இந்த ஸ்பீட்வேயை நடத்துகிறவர். பெரிய தொப்பி, பெரிய குரல். மயில்சாமியை மைக் என்று கூப்பிடுவார், பார்த்தால் தோளில் கை போடுவார். ரைடர்களை எல்லாம் கூட்டி வைத்து எந்த ரேஸில் யார் யார் என்று சொல்லி முடித்தார். அப்போது மட்டேயோ கையைத் தூக்கினான். இனி அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை நான் நம் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் பாயிண்ட்டுக்கு அறுபதுதானே?"

ரிக் சிரித்தார். "நீங்க ஜூனியர்ப்பா. ஜூனியருக்கு என்னவோ அதுதான். வந்து போற பெட்ரோல் காசு இருபத்தஞ்சு, ஒரு ஹாட் டாக் கூப்பன்."

"ஓட்டறது பெரியவங்க ரேஸ் ஆச்சே. பாயிண்ட்டு டீமுக்குத்தானே போகுது?"

"உனக்கு அனுபவம் கிடைக்குதில்ல? இங்க இருக்கற ஃபேமிலிங்க எல்லாம் அதப் புரிஞ்சவங்க. சீஸன் ஆரம்பத்துலயே தென்றலோட அப்பா என்கிட்ட சொன்னாரு. காசு ஒரு விஷயமே இல்ல, சான்ஸ் குடுத்தா போதும்னு. அதக் கேட்டுத்தானே இந்த வருஷம் ஜூனியருக்கு எல்லாம் ஒரே ரேட்டுன்னு முடிவு பண்ணேன். இல்ல மைக்?"

எல்லோரும் மயில்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் மெத்தனால் கேன். அதை எங்கே வைப்பது என்றே தெரியாத மாதிரி நின்றார்.

ரிக் போனதும் தென்றல் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அப்பா. நிஜமாவா? டிட் யூ சே தட்?"

"அம்மணி, அது வந்து... ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானே. அடுத்தவங்க எடத்துல போயி எடுத்த ஒடனே காசு பத்திப் பேசுனா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?"

"நமக்கு வேண்டாம்னா நமக்கு வேண்டாம்னு சொல்லணும். மட்டேயோக்கும் சேர்த்து யார் வேண்டாம்னு சொல்லச் சொன்னா? ஹீ நீட்ஸ் இட், அப்பா!"

மட்டேயோ அங்கேயேதான் இருந்தான். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். குனிந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, போன மாசம் புதுக் கம்பெனிக்காரன் அனுப்புன ஆஃபர மூணு தடவ திருப்பி அனுப்புனீங்களே, அப்ப எங்க போச்சு இந்த மரியாத? பேஸ் சம்பளம் பத்தாது, போனஸ் பத்தாது, ஸ்டாக் பத்தாதுன்னு. அனுபவம் கிடைக்குதுன்னு சும்மா போயி உக்கார வேண்டியதுதானே?"

"அது வேலை, பிரியா."

"இது என்னவாமா? இந்தக் கூட்டமெல்லாம் இருபது டாலர் குடுத்து உள்ள வந்து உக்காந்திருக்குதே, யாரப் பாக்கறதுக்கு? ரிக்கோட தொப்பியவா?"

அவர் கேனைக் கீழே வைத்தார். "இரு, நான் போயி பேசிட்டு வர்றேன்" என்று போனார்.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னன்னு கேட்டீங்க?"

"இஃப் பாசிபிள், சார்னு ஆரம்பிச்சேன்..."

"போச்சு."

"பட்ஜெட் இல்லையாமா. அடுத்த வருஷம் பாக்கலாங்கறாரு. ஓட்ட இஷ்டமில்லைன்னா பரவால்ல, சும்மா ஓட்டறதுக்கு வேற பசங்க க்யூல நிக்கறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. தோள்ல வேற கை போட்டுக்கிட்டாரு."

தென்றல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நேராக எதிர் டீமின் கொட்டகைக்கு நடந்தாள். அவர்கள் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கேயும் இரண்டு ஜூனியர்கள் இருந்தார்கள், கெல்லி என்று ஒரு பெண்ணும், பல்லில் கம்பி போட்ட ஒரு பையனும். நாலாவது ரேஸ் இந்த நாலு பேருக்குள்ளேதான். மட்டேயோவும் பின்னாடியே போனான். நாலு பேரும் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கெல்லி மட்டும் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தாள்.

நாங்கள் கேலரிக்கு வந்து உட்கார்ந்தோம். விஷயத்தை நான் ஹம்சாவிடம் சொன்னேன். ஹம்சாவிடம் சொன்னால் நாற்பது பேரிடம் சொன்ன மாதிரி. முதல் ரேஸ் முடிவதற்குள் மேல் வரிசையில் இருந்த கஸ்தூரிரங்கன் வரைக்கும் போய்விட்டது. அவர் குனிந்து, "மயில்சாமி சார், அப்போ இன்னிக்கு நாற்பது டிக்கெட் காசும் யாருக்குப் போறது?" என்று கேட்டார். மயில்சாமி தக்காளி சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

மூன்று ரேஸ் முடிந்தது. வெயில் இன்னும் இருந்தது, பாதாம் மரங்களுக்கு மேலே மஞ்சளாக. தண்ணீர் லாரி ஒரு சுற்று வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போனது. அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். எங்கள் பெண்ணின் பெயரை 'டென்ட்ரல்' என்று சொன்னார், எங்கள் கூட்டம் அதற்கே எழுந்து நின்று கத்தியது.

நாலு வண்டியும் ஸ்டார்ட்டுக்கு வந்தன. தடத்துக்குக் குறுக்கே ரப்பர் டேப் கட்டியிருப்பார்கள். ரெஃப்ரி பட்டனைத் தட்டினால் அது சட்டென்று மேலே போகும், போன அந்த நொடியில் கிளட்ச்சை விட வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறியது. நாலு எஞ்சினும் சேர்ந்து கத்தும்போது நெஞ்சுக்குள்ளே அதிரும். பச்சை விளக்கு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டேப் மேலே போனது.

யாரும் நகரவில்லை.

நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது, சக்கரம் ஒரு அங்குலம் உருளவில்லை. அப்புறம் தென்றல் முதலில் எஞ்சினை நிறுத்தினாள். அடுத்து மட்டேயோ. கெல்லி. கடைசியாக அந்தக் கம்பிப் பல் பையன், கொஞ்சம் பயந்துகொண்டே. சத்தமெல்லாம் நின்றதும் கேலரியில் யாரோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

சிவப்பு விளக்கு போட்டார்கள். வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி மறுபடியும் வரிசையில் நிறுத்தினார்கள். டேப் போனது. மறுபடியும் யாரும் நகரவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை கேலரியில் விசில் பறந்தது.

ரிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தடத்துக்கு ஓடி வந்தார். நாங்கள் முன் வரிசை, பேசுவது கேட்டது.

"என்ன விளையாட்டா இது? ஓட்டறீங்களா, இறங்கறீங்களா?"

"ஓட்டறோம்," என்றாள் தென்றல். "பெரியவங்க ரேஸ் ஓட்டுனா பெரியவங்க ரேட்டு. பாயிண்ட்டுக்கு அறுபது. எங்க நாலு பேருக்கும்."

"உங்கப்பாவே வேண்டாம்னு சொல்லிட்டாரும்மா!"

"எங்கப்பா வண்டி ஓட்டறதில்ல. நான் ஓட்டறேன்."

ஹம்சா என் தொடையைக் கிள்ளினாள். ரிக் கொட்டகைப் பக்கம் திரும்பி, "டீன்! நீயும் இன்னொரு ஆளும் வாங்க, இந்த ரேஸை நீங்க ஓட்டுங்க!" என்று கத்தினார். டீன் எங்கள் டீம் கேப்டன், நாற்பதை நெருங்குகிற ஆள். அவர் வேலியில் சாய்ந்து நின்றார். ரிக்கைப் பார்த்தார், பசங்களைப் பார்த்தார். நிதானமாகக் கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"நான் அஞ்சு வருஷம் ஹாட் டாக்குக்கு ஓட்டினவன் ரிக்," என்றார். "போதும்."

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரரைக் காணவில்லை. தட்டு மட்டும் இருந்தது. மனுஷன் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்! ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், பேண்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது.

"மயில்சாமி, பாத்துப்பா, கிழியப் போகுது!" என்று ஹம்சா கத்தினாள்.

கிழிந்தேதான் போனது. அவர் கண்டுகொள்ளவில்லை. ஈர மண்ணில் ஷூ புதைய ஓடிப் போய் ரிக்குக்கு முன்னால் நின்றார். ரிக் தோளில் போட வந்த கையை இவர் மெதுவாக எடுத்துக் கீழே விட்டார். அப்புறம் கேலரி முழுக்கக் கேட்கிற மாதிரி, பீளமேட்டு பஸ் ஸ்டாப்பில் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"ரிக்! ஐ வாஸ் ராங்! மணி இஸ் அன் இஷ்யூ!"

அடுத்த மூச்சில்:

"வெரி பிக் இஷ்யூ!"

எங்கள் நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், பஜனையில் தாளம் போடுகிற மனுஷன், அவருக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பிக்கப் ட்ரக்குக்காரர்களும் எழுந்து பலகையில் காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். கேலரி முழுக்கத் தடதடவென்று சத்தம். "பே த கிட்ஸ்! பே த கிட்ஸ்!"

ரிக் சுற்றிப் பார்த்தார். தொப்பியைப் போட்டார், எடுத்தார். "சரி சரி. இன்னைக்கு அறுபது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் மயில்சாமி நகரவில்லை. அந்த நிற்கிற தோரணை எனக்குத் தெரியும். போன மாசம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த ஆஃபரை மூன்று தடவை திருப்பி அனுப்பினபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு மட்டுமா? சீஸன் முழுக்கவா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவ," என்று எண்ணினேன் நான்.

ரிக் பல்லைக் கடித்தார். "சீஸன் முழுக்க. பெரியவங்க ரேஸ்ல ஓட்டற எந்த ஜூனியருக்கும்."

"வந்து நிக்கறதுக்கு நூறு?"

"மூணு!" என்று நானும் ஹம்சாவும் சேர்ந்து கத்தினோம்.

"மைக், நீ என்னைக் கொல்றே," என்றார் ரிக். "நூறு. இப்பவாவது தடத்த விட்டு இறங்குவியா?"

"அத மைக்ல சொல்லுங்க, இறங்கறேன்."

சொன்னார். அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி அவர் வாயாலேயே சொன்னார். மயில்சாமி கிழிந்த பேண்ட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். போகிற வழியில் மட்டேயோ ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இவர் பதிலுக்குக் கும்பிட்டே விட்டார்.

டேப் மேலே போனது. நாலும் பாய்ந்தன!

தென்றல் முன்னால். என் பெண்தான் முன்னால்! முதல் திருப்பத்தில் உள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காலைத் தேய்த்து, பின்னாடி வருகிறவர்கள் மேல் மண்ணை வாரி அடித்துக்கொண்டு போகிறாள். "விடாத, விடாத, விடாத!" என்று கத்துகிறேன், ஹம்சா என் துப்பட்டாவைப் பிடித்துக் குதிக்கிறாள். இரண்டாவது சுற்றிலும் அவள்தான். மட்டேயோ பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறான். அவன் எஞ்சின் சத்தமே சரியில்லை, இருமுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. கெல்லி வெளி ஓரமாக, வேலியை உரசுகிற மாதிரி, இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு வருகிறாள். மூன்றாவது சுற்றில் தென்றல் ஆசைப்பட்டுவிட்டாள். திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாள், வண்டி அகலமாக வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடைவெளியில் கெல்லி போய்விட்டாள், மட்டேயோவும் போய்விட்டான். கடைசித் திருப்பத்தில் கம்பிப் பல் பையன் வேறு இவள் தோளுக்கு வந்துவிட்டான். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகக் கோட்டுக்கு வந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

கெல்லி முதல். மட்டேயோ இரண்டு. தென்றல் மூன்று, அரைச் சக்கர வித்தியாசத்தில்.

"ஒரு பாயிண்ட்," என்றாள் ஹம்சா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அறுபது டாலர். பரவால்லயே, என் முதல் சம்பளத்தவிட ஜாஸ்தி."

அன்றைக்கு இன்னும் இரண்டு ரேஸ் அவர்களுக்கு இருந்தது. மட்டேயோ ஒன்றில் ஜெயித்தான், இன்னொன்றில் இரண்டாவது. அவனுக்கு மொத்தம் ஏழு பாயிண்ட். தென்றலுக்கு நாலு. எங்கள் டீம் தோற்றுவிட்டது, அதை யார் கவனித்தார்கள்!

எல்லாம் முடிந்து பிட்ஸுக்குப் போனோம். ட்ரேயில் மிச்சமிருந்த தக்காளி சாதத்தைக் கெல்லி கரண்டியாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தென்றல் முகம் முழுக்க மண், பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அப்பா," என்றாள். "பேண்ட் கிழிஞ்சிருக்கு."

"தெரியும் அம்மணி."

"தட் வாஸ் சோ எம்பாரஸிங்." சொல்லிக்கொண்டே வந்து அவர் சட்டையில் மண் அப்புகிற மாதிரி கட்டிக்கொண்டாள்.

ரிக் பணத்தோடு வந்தார். மட்டேயோவிடம் கொடுத்தார். அவன் எண்ணவில்லை, அப்படியே கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபோனை எடுத்தான். தென்றல் எட்டிப் பார்த்துவிட்டு, "யெஸ்!" என்று குதித்தாள். ஃப்ரெஸ்னோக்காரருக்கு மெசேஜ் போகிறது என்று எனக்கும் புரிந்தது.

அடுத்து ரிக் தென்றலிடம் நீட்டினார். நீட்டின உடனே, நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம், மயில்சாமியின் கை தானாக மேலே வந்தது. உள்ளங்கை வெளியே தெரிகிற மாதிரி, பரவாயில்லைங்க, இருக்கட்டுங்க என்கிற அந்தக் கை. வாயும் திறந்துவிட்டது.

"மயில்சாமி," என்றாள் ஹம்சா பின்னாலிருந்து. "கைய இறக்கு."

அவர் இறக்கினார். பாக்கெட்டில் விடப் போனார், அந்தப் பக்கம் பாக்கெட்டே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மகளைப் பார்த்துச் சொன்னார்:

"வாங்கிக்க அம்மணி. எண்ணிப் பாத்து வாங்கிக்க."